மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் குடியுரிமை. நம் பெண்ணுக்கு எது?

ஆவணி பிறந்தால் எங்கள் பக்கம் கல்யாணப் பேச்சோடு காகிதப் பேச்சும் தொடங்கிவிடும். மயிலாடுதுறையில் மொழிபெயர்ப்பு, அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கும் அரசுச் சான்று), விசாப் படிவம் என்று 16 வருஷமாக இந்த வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்.

போன ஆவணியில் நன்னிலம் பக்கமிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகன். அப்பா மஞ்சப்பையிலிருந்து பட்டா, சிட்டா நகல், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் அடுக்கினார். "9 மா நஞ்சை இருக்கு தம்பி. இவ பேருக்கு எழுதணும். போய் ஒரு வருஷம் இருந்துட்டு வரட்டும், அப்ப எழுதிக்கலாம்ல?" என்றார். மகளுக்கு வேறு கவலை. "முதல்ல பிஆர் போதுமா, இல்ல சிட்டிசனாவே ஆயிடணுமா அண்ணே?"

இரண்டு கேள்விக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அங்கே எந்த நிலையில் இருக்கிறோம் என்பது இங்கே எதை வைத்துக்கொள்ளலாம், எப்படி வந்து போகலாம் என்பதையும் தீர்மானிக்கிறது. அதனால் மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: துணைவருக்கான விசாவிலேயே இருப்பது, நிரந்தர வசிப்புரிமை (பிஆர்) வாங்குவது, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு, இந்தியா தரும் ஆயுள்கால விசாவான ஓசிஐ அட்டையை வைத்துக்கொள்வது.

நாடுகளைப் பொறுத்தவரை நம் டெல்டாவில் அடிக்கடி வருவது மூன்று. கூத்தாநல்லூர், நாகை, மன்னார்குடிப் பக்கம் சிங்கப்பூரும் மலேசியாவும். ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போன காலத்துத் தொடர்பு அது. காரைக்கால் பக்கம் பிரான்ஸ். பிரான்ஸ் கையில் இருந்த காரைக்காலைச் சட்டப்படி இந்தியாவோடு சேர்த்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் அங்கே வரன் பார்க்கிறார்கள்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

பாஸ்போர்ட்டில் எத்தனை நாட்டுக்கு விசா இல்லாமல் போகலாம் என்பதைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். என் வரிசை இது:

ஒன்று, கணவரோ மனைவியோ இல்லாமல் போனால், அதாவது இறந்தாலோ பிரிந்தாலோ, அந்த நாட்டில் உங்கள் இருப்பு என்ன ஆகும்? இரண்டு, சொந்தமாக வேலைக்குப் போக முடியுமா? மூன்று, ஊரில் அப்பா படுத்துவிட்டால் ஆறு மாதம் வந்து இருக்க முடியுமா? நான்கு, நிலம். ஐந்து, பிள்ளைகள். ஆறு, மனம் மாறினால் திரும்பி வர வழி உண்டா?

| பார்க்க வேண்டியது | துணைவர் விசா | நிரந்தர வசிப்பு | குடியுரிமை + ஓசிஐ |
|---|---|---|---|
| துணை இல்லாமல் நிலைக்குமா | பெரும்பாலும் இல்லை | பெரும்பாலும் ஆம், புதுப்பிப்பில் கவனம் தேவை | ஆம் |
| வேலை | நாட்டைப் பொறுத்துத் தனி அனுமதி | தடையில்லை | தடையில்லை |
| ஊரில் நீண்ட நாள் தங்குவது | இந்தியாவில் தடையில்லை. அங்கே விசா காலாவதி ஆகலாம் | இந்தியாவில் தடையில்லை. அங்கே உரிமை போகலாம் | இரு பக்கமும் தடையில்லை |
| நஞ்சை, புஞ்சை வாங்குவது | வெளிநாட்டில் வசிக்கும்வரை இல்லை | வெளிநாட்டில் வசிக்கும்வரை இல்லை | இல்லை |
| இந்தியாவில் ஓட்டு | உண்டு, நேரில் வந்து போட வேண்டும் | உண்டு, நேரில் வந்து போட வேண்டும் | இல்லை |
| இந்தியக் குடியுரிமை | இருக்கும் | இருக்கும் | போய்விடும் |

## துணைவர் விசாவில் இருப்பது

முதல் ஓரிரண்டு வருஷத்துக்கு எல்லோருக்கும் இதுதான். சிங்கப்பூரில் நீண்டகால வருகை அனுமதி, அதாவது எல்டிவிபி. அதில் கூடுதல் சலுகை உள்ள எல்டிவிபி பிளஸ் முதலில் 3 ஆண்டு வரையும் புதுப்பிக்கும்போது 5 ஆண்டு வரையும் கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்பே தகுதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்மதிப்பீடு ஒன்று அங்கே இருக்கிறது. பத்திரிகை அடிக்கும் முன் மாப்பிள்ளை வீட்டாரிடம் அந்த முடிவைக் கேட்பதில் தப்பே இல்லை. மலேசியாவில் நீண்டகால சமூக வருகை அனுமதி தருவார்கள். வேலை பார்க்க அதில் தனியாக ஒப்புதல் பதிய வேண்டும். பிரான்ஸில் முதலில் ஒரு வருஷ நீண்டகால விசா, அதிலேயே வேலை பார்க்கலாம், அரசு செலவில் பிரெஞ்சுப் பயிற்சியும் உண்டு.

இதில் மறைந்திருக்கும் செலவைப் பணத்தில் கணக்கிட முடியாது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் துணைவரின் ஆதரவு வேண்டும். கணவரோடு சண்டை போட்டுக்கொண்டு, விசா முடிய இரண்டு மாதம் இருக்கும்போது எனக்கு போன் செய்த பெண்கள் இருக்கிறார்கள். "அவர் கையெழுத்துப் போட மாட்டேங்கிறார்ணே." அந்தக் குரல் எளிதில் மறக்காது. அடி வாங்கினாலும் வெளியே சொல்லாமல் இருந்ததற்கு விசாதான் காரணம் என்று ஒரு பெண் சொன்னபோது, இந்த நிலையில் யாரும் வேண்டியதற்கு மேல் ஒரு நாள்கூட இருக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பிரான்ஸில் குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் துணைவரை இழந்தவர்களுக்கும் அனுமதி பறிபோகாதபடி சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. அங்கே போகும் பெண்கள் அதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

யாருக்கு இது போதும்? இரண்டு மூன்று வருஷத்தில் இருவருமே ஊர் திரும்புவது என்று முடிவானவர்களுக்கு. இருவரும் இங்கேயே தங்குவதானால், கல்யாணத்தைப் பதிந்து 2 வருஷம் ஆனபின் வெளிநாட்டுத் துணைவருக்கு ஓசிஐ கேட்கலாம்.

## நிரந்தர வசிப்புரிமை

பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான். இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருக்கும், வேலைக்கு யார் தயவும் வேண்டாம், கல்யாணம் முறிந்தால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் குடிமகனின் மனைவியோ கணவரோ விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. குடும்ப வருமானம், படிப்பு, எத்தனை காலமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று எல்லாம் பார்ப்பார்கள். பிஆர் ஆனபின் கவனிக்க வேண்டியது மறுநுழைவு அனுமதி. வழக்கமாக 5 வருஷத்துக்குத் தருவார்கள். அது காலாவதியான பிறகும் நாட்டுக்கு வெளியே இருந்தால் பிஆரே போகக்கூடும். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது என்று ஊருக்கு வந்து ஏழெட்டு மாதம் இருப்பவர்கள், டிக்கெட் போடும் முன் அந்தத் தேதியைப் பார்க்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் இன்னொரு செலவு. குடிமகனும் பிஆரும் சேர்ந்து வீவக (அரசு அடுக்குமாடி) புது வீடு வாங்கினால் 10,000 சிங்கப்பூர் டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பிஆராக இருப்பவர் பின்னர் குடியுரிமை பெற்றாலோ, குடிமகனாக ஒரு குழந்தை பிறந்தாலோ அந்தத் தொகையைத் திரும்ப வாங்கலாம். அதற்காகவே அவசரப்பட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. குழந்தை பிறந்தாலே அந்தப் பணம் வரும் என்பதைச் சொன்னால் பலர் நிதானமாகிவிடுகிறார்கள்.

பையன் பிறந்தால் தேசிய சேவை பற்றிக் கேட்பார்கள். அப்பா குடிமகன் என்றால் பையனும் குடிமகன், அவன் 2 வருஷம் முழுநேர சேவை செய்தாக வேண்டும். அம்மா பிஆரோ சிட்டிசனோ, அதில் மாற்றம் இல்லை. அதனால் உங்கள் முடிவில் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மலேசியாவில் இதைச் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, என்பார்கள். துணைவர் அனுமதியில் 5 வருஷம் இருந்தபின் விண்ணப்பிக்கலாம். பிறகு முடிவுக்குக் காத்திருக்கும் காலம் நீளமானது. நம் வம்சாவளியினரே அங்கே பல தலைமுறை சிவப்பு ஐசியோடு வாழ்ந்திருக்கிறார்கள், அதனால் பொறுமையோடு போக வேண்டும்.

பிரான்ஸில் கல்யாணமாகி 3 வருஷம் முறைப்படி அங்கே வசித்தால் 10 வருஷ வசிப்பு அட்டைக்கு வழி உண்டு. கல்யாணமான 4 வருஷத்துக்குள் இருவரும் பிரிந்துவிட்டால் அரசு அந்த அட்டையை ரத்து செய்ய முடியும். இறப்பு, வன்முறை, பிள்ளை இருப்பது ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கிறது. தொடர்ந்து 3 வருஷத்துக்கு மேல் வேறு நாட்டில் குடியிருந்தால் அட்டை செல்லாது.

## குடியுரிமையும் ஓசிஐயும்

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, விருப்பத்தோடு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்கியாக வேண்டும். ஓசிஐயில் 'குடியுரிமை' என்ற சொல் வருவதால் பலர் அதைப் பாதிக் குடியுரிமை என்று நம்புகிறார்கள். அது ஆயுள்கால விசாதான். ஓட்டு இல்லை, அரசு வேலை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. பிள்ளைகளுக்கும் ஓசிஐதான் என்றால் இங்கே நீட் போன்ற தேர்வுகளில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான இடங்களில்தான் போட்டியிடலாம். 2021 மார்ச் 4 அறிவிக்கை அப்படி வைத்தது. "பிள்ளையை இங்கே மெடிக்கல் படிக்க வைக்கலாம்" என்று கணக்குப் போடுபவர்கள் அந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நல்ல பக்கமும் இருக்கிறது. முன்னாள் இந்தியர் என்ற முறையில் கிடைக்கும் ஓசிஐ உங்கள் சொந்த உரிமை. விவாகரத்து அதைத் தொடாது. வெளிநாட்டவருக்குக் கல்யாணத்தின் பேரில் தரும் ஓசிஐ அப்படி இல்லை, கல்யாணம் முறிந்தால் அதுவும் போகும். இந்தியாவில் எத்தனை காலம் தங்கினாலும் கேள்வி இல்லை. திரும்பி வரவும் ஒரு வழி உண்டு: ஓசிஐ வாங்கி 5 வருஷம் ஆகி, விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால், அந்நியக் குடியுரிமையைத் துறந்துவிட்டு மறுபடி இந்தியராகப் பதியலாம். மெதுவான வழி, ஆனாலும் வழிதான்.

சிங்கப்பூரில் பிஆராக 2 வருஷம், கல்யாணமாகி 2 வருஷம் ஆனால் குடிமகனின் துணைவர் விண்ணப்பிக்கலாம். முதலில் கொள்கையளவில் ஒப்புதல் வரும், அப்புறம் இந்தியக் குடியுரிமையைத் துறந்து சான்று காட்ட வேண்டும். மலேசிய அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, குடிமகனின் மனைவி 2 வருஷம் அங்கே வசித்திருந்தால் பதிந்துகொள்ள வழி வைத்திருக்கிறது. குடிமகளை மணக்கும் கணவருக்கு அந்த வழி கிடையாது. மலேசியப் பெண்ணை மணந்து அங்கே போகும் நம் பையன்கள் இதைக் கடைசியில் தெரிந்துகொண்டு திகைக்கிறார்கள்.

குடியுரிமையே சரி என்று நான் சொல்வது இப்படிப்பட்டவர்களுக்கு: இங்கே பார்த்துக்கொள்ள வேண்டிய பெற்றோர் இல்லாதவர்கள், பிள்ளைகள் அங்கே வேரூன்றிவிட்டவர்கள், அடிக்கடி ஊருக்கு வந்து மாதக்கணக்கில் தங்க விரும்புகிறவர்கள். கடைசி வகையைக் கேட்டால் ஆச்சரியப்படுவார்கள். ஊரில் அதிக நாள் இருக்க ஆசைப்படுபவருக்குப் பிஆரைவிடக் குடியுரிமைதான் நிம்மதி. மாதக்கணக்கில் இங்கே இருந்தாலும் அங்கே உரிமை போகாது.

## காரைக்கால்: வேறு கணக்கு

காரைக்காலில் சொல்தா குடும்பத்து, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பத்து, பையனைக் கட்டும் பெண்ணுக்கு ஒரு விசேஷம் உண்டு. அவள் பிரான்ஸில் ஒரு நாள்கூட வாழாமல் பிரெஞ்சுக் குடியுரிமை கோர முடியும். கல்யாணமாகி சேர்ந்து வாழ்ந்து 4 வருஷம் என்பது பொது விதி. பிரான்ஸில் தொடர்ந்து 3 வருஷம் வசிக்காதவர்களுக்கு அது 5 வருஷமாகும். வெளிநாட்டில் சேர்ந்து வாழ்ந்த காலம் முழுவதும் கணவர் பிரெஞ்சுத் தூதரகப் பதிவேட்டில் பெயர் வைத்திருந்தால் 4 வருஷமே போதும். அந்தப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்ட குடும்பங்கள் ஒரு வருஷத்தை இழக்கின்றன. கல்யாண நாளன்றே அதைப் பாருங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன்.

அதற்கும் முன்னால், கல்யாணத்துக்கு முன்பே புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். பிறகு நம் ஊர்த் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏறாத கல்யாணத்தை வைத்துக்கொண்டு குடியுரிமை கோர முடியாது.

மொழிதான் இப்போது பெரிய மலை. மொழித் தேர்வில் முன்பு பி1 நிலை போதும், 2026 ஜனவரி முதல் அதற்கு அடுத்த படியான பி2 வேண்டும். பேசினால் போதாது, எழுதவும் வேண்டும். மாமனார் வீட்டில் "போன்ழூர்" சொல்லிப் பழகிய பிரெஞ்சு இதற்கு உதவாது. காரைக்காலிலிருந்து புதுச்சேரியில் பிரெஞ்சு கற்றுத்தரும் அல்லியான்ஸ் பிரான்சேஸுக்குச் சுமார் 130 கிலோமீட்டர். வகுப்பு, தேர்வுக் கட்டணம், பஸ், தங்கும் செலவு எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வருஷத்துக்குத் திட்டம் போட வேண்டும். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணால் இதைத் தனியாகச் செய்ய முடியாது. புகுந்த வீடு குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரான்ஸ் இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது. அதனால் "ரெண்டையும் வெச்சுக்கலாம்" என்ற பேச்சு காரைக்கால் வீடுகளில் சகஜம். இந்தியா அனுமதிப்பதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை வந்தபின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பயன்படுத்துவது குற்றம். சொந்த ஊர்த் தெருவிலேயே வசித்தாலும் அந்தப் பெண் சட்டப்படி வெளிநாட்டவர். ஓசிஐ கையில் வரும்வரை விசா இல்லாமல் இருக்கக் கூடாது. கணவர் பக்கமும் பாருங்கள். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தத் தகுதியிலேயே ஓசிஐ பெறலாம். காரைக்கால் அதில் வருகிறது. கல்யாணத்தின் பேரில் கேட்பதைவிட அதுவே உறுதியானது.

## நிலம்: விமானம் ஏறும் முன்

டெல்டா வீடுகளில் இதுதான் பெரிய சிக்கல். அந்நியச் செலாவணிச் சட்டம் பாஸ்போர்ட்டை மட்டும் பார்ப்பதில்லை. வசிக்கும் இடத்தைப் பார்க்கிறது. இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரில் குடியேறிய பெண்ணும் நஞ்சை வாங்க முடியாது. அப்பா தான செட்டில்மெண்ட் எழுதி வைத்தாலும் விவசாய நிலத்தை அவள் பெற முடியாது. வீடு, மனை என்றால் தானமாகப் பெறலாம். நிலம் என்றால் வாரிசுரிமையாகவோ உயில் மூலமோதான் வர வேண்டும்.

ஆனால் இங்கே வசிக்கும்போதே அவள் பெயருக்கு வந்த நிலத்தை, போன பிறகும் வைத்துக்கொள்ளலாம். பின்னால் விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்கு மட்டுமே விற்கலாம். வாரிசாக வந்த சொத்தை விற்ற பணத்தை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைக்கும் வங்கிக்) கணக்கு வழியாக நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே கொண்டுபோகவும் முடியும். ஆக, எழுதுவதானால் புறப்படும் முன்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. "வெளிநாடு போறவளுக்கு நிலம் எதுக்கு, செட்டில் ஆனதும் கேக்கவா போறா" என்று, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சீர் செய்தாயிற்று என்ற வாதமும் கூடவே வரும். தமிழ்நாட்டில் 1989 முதலே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினாலும் வாரிசுரிமை போகாது. விமான டிக்கெட் எடுத்த வாரத்தில் எந்தப் பத்திரத்திலும் அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம்.

அங்கே போனபின் பவர் (இங்கே ஒருவர் உங்களுக்காகச் செயல்பட அதிகாரப் பத்திரம்) எழுத வேண்டுமானால் இந்தியத் தூதரகத்தில் எழுதி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும்.

## தலைப்பிரசவமும் லெட்சுமியும்

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். கும்பகோணத்தில் பிறக்கும் குழந்தையின் அம்மா இந்தியக் குடிமகள், அப்பா முறைப்படி விசாவோடு வந்து போகும் வெளிநாட்டவர் என்றால், அந்தக் குழந்தை பிறப்பால் இந்தியக் குடிமகன். அப்பாவின் நாட்டுக் குடியுரிமைக்குத் தனியாகப் பதிய வேண்டும். மலேசிய அப்பா என்றால் ஒரு வருஷத்துக்குள். அந்தக் காகிதம் முடியும்வரை குழந்தை பறக்க முடியாது, அம்மாவும் இங்கேயே. அப்போது அவளுடைய மறுநுழைவு அனுமதி முடிந்துவிடக் கூடாது. வளைகாப்புத் தேதி குறிக்கும்போதே அதையும் குறித்துவையுங்கள்.

எந்த வழியானாலும் எல்லோரையும் நிறுத்துவது பெயர்தான். பிறப்புச் சான்றில் தனலெட்சுமி, பள்ளிச் சான்றில் தனலட்சுமி, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இன்னொரு எழுத்தில். நமக்கு அது ஒரே பெயர். பாரிஸில் கோப்பைப் பார்ப்பவருக்கு இரண்டு பேர். பிறப்புச் சான்று இல்லாதவர்கள் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) உத்தரவோடு தாமதப் பதிவு செய்ய வேண்டும். கல்யாணத்துக்குக் கோயில் ரசீது போதாது. தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் அதைப் பதிந்துவிடுங்கள். மாப்பிள்ளை பத்து நாள் லீவில் வருகிறார் என்றால் மறுவீட்டுக்கு முன்பே அதை முடிப்பது நல்லது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறுகின்றன, விண்ணப்பிக்கும் மாதத்தில் அந்தந்த நாட்டு அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நன்னிலத்து அப்பாவுக்கு இதையெல்லாம் சொன்னபோது அவர் சிட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்பவே எழுதிட்டா, நான் இருக்கற வரைக்கும் எனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆயுட்காலம் வரை அனுபவ உரிமை அப்பாவுக்கு என்று பத்திரத்தில் ஒரு பத்தி சேர்த்தோம். மகள் எல்டிவிபியில் போவது, முடிந்த சீக்கிரம் பிஆருக்கு விண்ணப்பிப்பது, அப்பா அம்மா இருக்கும்வரை பாஸ்போர்ட்டை மாற்றுவதில்லை என்று அவளே முடிவு சொன்னாள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கைரேகை வைத்துவிட்டு வெளியே வந்தபோது மணி மூன்றரை. அப்பா மஞ்சப்பையை மகளிடம் கொடுத்து, "சம்பா நெல்லு உன் பேர்லதான் இந்தத் தை" என்றார். ஒன்பதாம் நாள் திருச்சியிலிருந்து அவள் விமானம் ஏறினாள்.